சம்மனசு இல்லாத கிறிஸ்மஸ்

“சம்மனசு வேணாம் டீச்சர்.”

பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காமல் நானாக எழுந்து பேசிய முதல் பேச்சு அதுதான். பேசி முடித்ததும் இரண்டு காதும் கொதித்தன. வெளியே மழை. போன வாரம் எழுதினேனே, அந்த ஓட்டைக் கூரைக்குக் கீழே வைத்திருந்த வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ரோசம்மா டீச்சர் கையிலிருந்த சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார்.

“யாரு பேசினது? சிசிலியா?”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிலோமினா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க மாட்டாளா? அந்த வருஷம் சம்மனசு வேஷம் அவளுக்கு. கிழிந்த கொசுவலையில் அவள் அம்மா இறக்கை தைத்து, சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளை ஒட்டி, ஆணியில் மாட்டியும் வைத்தாகிவிட்டது.

சம்மனசு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. இப்போது கோயிலில் வானதூதர் என்கிறார்கள். எங்களுக்கு அப்போது சம்மனசுதான். மிக்கேல் சம்மனசு, காவல் சம்மனசு, குடிலுக்கு மேலே தொங்கும் சம்மனசு.

மாதா விட்ட கொட்டாவி

எங்கள் பள்ளிக்கூடம் கோயிலை ஒட்டியிருந்த ஒரே அறை. கடல் தாண்டி இந்தத் தீவுக்குப் பிழைக்க வந்த துறைமுகத்துத் தொழிலாளிகளின் பிள்ளைகள்தான் அதிகம், ஆபீசில் கணக்கு எழுதும் ஒன்றிரண்டு கிராணி வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாடகம் போடுவோம்.

அதற்கு முந்தின வருஷம் போட்ட நாடகத்தில் பாதியிலேயே சனங்கள் தூங்கிப்போனார்கள். முன் வரிசையில் சாமியார் ஒரு கொட்டாவி விட்டார். அது மேடையில் மாதாவாக உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தொற்றிக்கொண்டது. மாதா வாயைப் பிளந்து கொட்டாவி விட்டதைக் கோயிலே பார்த்தது. டீச்சருக்கு அது தாங்க முடியாத அவமானம்.

“இந்த வருசம் ஆளுக்கு ஒரு யோசனை கொண்டாங்க. புதுசா இருக்கணும், வேதத்துக்கு விரோதமா இருக்கக் கூடாது” என்றார்.

பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்.

“ஒட்டகத்துக்கு எங்க போறது டீச்சர்? மூணு ராசாவும் ரிக்சாவுல வரட்டும்.”

“ரிக்சாவை யாருடா இழுக்குறது?”

“நாலாவது ராசா!”

ஏரோதுக்கு அடுப்புக்கரியில் மீசை வேண்டும் என்றான் ஒருவன். பாலனுக்குப் பொம்மை வேண்டாம், எங்கள் வீட்டுப் பாப்பாவைத் தருகிறேன், திருப்பித் தரவேண்டாம் என்றாள் ஒருத்தி. டீச்சரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் எழுந்து, சம்மனசு வேண்டாம் என்றேன்.

டீச்சர் கோபப்பட்டிருந்தால் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

“சரி, வேணாம்னா வேணாம். அப்ப பாலன் பொறந்ததை இடையனுங்களுக்கு யாரு சொல்றது? அதுக்கொரு யோசனையை நீயே கொண்டா. கொண்டாரலைன்னா பிலோமினாதான்.”

நான் யோசனை கண்டுபிடிக்காவிட்டால் சம்மனசு வந்துவிடும். சம்மனசு வந்தால் அப்பா போய்விடுவார். என் வயதுப் பிள்ளைகள் நாடகத்துக்கு யோசனை தேடினார்கள். நான் அப்பாவைக் காப்பாற்றத் தேடினேன்.

நெத்திலி ஆய்ந்த சாயங்காலம்

எங்கள் அப்பாவுக்குத் தொங்கானில் வேலை. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நிற்கும். அதிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் கனத்த படகுதான் தொங்கான். படகில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவர் தண்டல். அப்பாவின் தண்டல் கோயிலில் முன் பெஞ்சுக்காரர். பூசைக்கு வரும்போது ஆளுக்கு முன்னால் அவருடைய அத்தர் வாசம் வந்துவிடும்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில், அரிசி மூட்டைகளைத் தூக்கும்போது கயிறு அறுந்து, மூட்டை முத்தையா என்பவர்மேல் விழுந்தது. ஒரு கால் போய்விட்டது. கயிறு நைந்திருக்கிறது என்று அப்பா அன்று காலையிலேயே தண்டலிடம் சொல்லியிருக்கிறார். “இன்னைக்கு ஒரு நாள் தாங்கும், ஏத்து” என்றாராம் தண்டல். விஷயம் கோர்ட்டுக்குப் போனதும் தண்டல் அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். சாட்சிக்குக் கூப்பிட்டு ஆள் வந்தால் அகப்படக் கூடாது. அகப்பட்டுக் கயிற்றைப் பற்றி வாயைத் திறந்தால் தொங்கானில் இடம் இல்லை. அந்த வருஷங்களில் வேலை இல்லாதவர்களைக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, கதவை யாராவது தட்டினால் அப்பா பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வார் என்பது. அவ்வளவு பெரிய ஆள். தோளில் மூட்டை சுமந்து சுமந்து தழும்பு ஏறியவர். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் நான் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு உடம்பைச் சட்டியில் போட வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சம்மன் வந்தா போய்த்தான் ஆகணுமாங்க?”

“வந்துட்டா போய்த்தான் ஆகணும். மாட்டேன்னு சொல்ல முடியாது.”

“எப்ப வரும்?”

“இன்னைக்கோ நாளைக்கோ. பேரை எழுதிக்கிட்டுத் தேடி வரும்.”

“நீங்க போனா எங்க கதி என்னங்க?”

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் தலையைச் சட்டியிலும் உடம்பைத் தரையிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

சம்மன் என்ற சொல் எனக்குத் தெரியாது. சம்மனசுதான் தெரியும். அழுகிறவர்கள் சொல்லின் வாலை விழுங்கிவிடுகிறார்கள் என்று நினைத்து, விட்டுப்போன அந்த ‘சு’வை நானே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினாலே சம்மன். என் மகள் அடிக்கடி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் போடுகிறாள். யாரும் அழுவதில்லை. அந்தக் காலத்தில் சம்மன் என்றால் ஒரு குடும்பமே நடுங்கும்.

நான் நடுங்கியது வேறு காரணத்துக்கு. சம்மனசு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம்தான் என் தம்பி காய்ச்சலில் போனான். தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டே அம்மா சொன்னார், “தம்பியை சம்மனசு வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சு பாப்பா.” என்னைத் தேற்றத்தான் சொன்னார்.

எங்கள் கோயில் குடிலில் ஒரு சம்மனசு சுரூபம் இருந்தது. அதன் கையிலிருந்த தட்டில் காசு போட்டால் தலையை ஆட்டும். பிள்ளைகளெல்லாம் அதைப் பார்க்க முண்டியடிப்பார்கள். நான் தூண் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுவேன். யாரோ ஒருவரைக் கூட்டிப் போகச் சொல்லிக் காசு கொடுக்கிறார்கள், அதுவும் சரி சரி என்று ஒத்துக்கொள்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

வழி தப்பிய குட்டி

பள்ளிக்கூடத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். நடந்துகொண்டே யோசிப்பேன். சேவல் சொல்லட்டுமா? கப்பல் சங்கு ஊதட்டுமா? சங்கு ஊதினால் எல்லாரும் வேலைக்கல்லவா கிளம்புவார்கள்?

ஒருநாள் ஆட்டுப்பால்காரர் ஒருவரின் குட்டி கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, ஒரு மிளகாய் மல்லிக் கடைக்குள் புகுந்துவிட்டது. பால்காரர் ஓடினார். அவரோடு, நாசி கண்டார் சோற்றுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் ஓடினார். கடைக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். குட்டி சாக்கு அடுக்குக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே பார்த்தால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள். மூன்று பேரும் ஆட்டை மறந்துவிட்டுக் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். “சத்தம் போடாதீங்கண்ணே” என்று கம்பு வைத்திருந்தவரே சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

“டீச்சர், இடையனுங்களோட குட்டி காணாமப் போகட்டும். அதைத் தேடிக்கிட்டே வந்து பாலனைப் பார்க்கட்டும்.”

டீச்சர் என்னையே பார்த்தார். “அடி சிசிலி! இத்தனை நாளா இதை எங்கடி வச்சிருந்த?”

அன்றிலிருந்து டீச்சர் கேட்பதும் நான் சொல்வதுமாக இருந்தது. பாலன் பிறப்பான் என்று மாதாவுக்கு மங்கள வார்த்தையை யார் சொல்வது? கனவில் ஒரு குரல் கேட்கட்டும், ஆள் வரவேண்டாம். ஏரோது தேடுகிறான், ஓடிப்போ என்று சூசையப்பருக்கு யார் சொல்வது?

“பக்கத்து வீட்டு அக்கா டீச்சர். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணிக் குழாயடியில் என்னை மறித்துக்கொண்டாள்.

“வாயில்லாப் பூச்சிக்கு இப்ப வாய் வந்துருச்சோ? என் இறக்கையை என்னாடி செய்யச் சொல்ற? உங்க வீட்டுல கட்டிக்கிட்டுப் படுத்துக்கிறியா?”

நான் குழாயைத் திறந்து காலைக் கழுவினேன்.

“நீ என்னா சொன்னாலும் நான் சம்மனசாத்தான் வருவேன். பாத்துக்கிட்டே இரு. உங்க வீட்டுக்கே வருவேன்லா!”

அவள் கோபத்தில் சொன்னது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காற்று இறங்கிய சைக்கிள்

மறுநாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானம் அம்மா பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தார். கதவு தட்டும் சத்தம். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனார்.

கதவு இடுக்கில் பார்த்தேன். வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. காக்கிக் கால்சட்டை, ஒரு சைக்கிள் சக்கரம். திறந்தேன்.

“பாப்பா, ஞானப்பிரகாசம் வீடு இதானே?” நல்ல தமிழ் ஆள். கையில் காகிதம். அதைப் பார்த்துத்தான் பேரைப் படித்தார்.

பேரை எழுதிக்கொண்டு வரும் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

“அப்பா இல்ல.”

“எங்க போயிருக்காரு?”

அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“சம்மன் கொண்டாந்திருக்கேன் பாப்பா. கையிலதான் குடுக்கணும்.”

“நீங்களா... சம்மனசு?”

“என்னாது?”

“இறக்கை எங்க?”

அவர் கொஞ்ச நேரம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

“அலாமாக்! நானா? எம் பொஞ்சாதி கேட்டா சிரிச்சே செத்துருவா! இந்தச் சைக்கிள்தான் பாப்பா எனக்கு இறக்கை. அதுலயும் ஒரு பக்கம் காத்து எறங்கிப்போச்சு.”

நான் அவருடைய கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. தம்பியைத்தான் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்களே. அப்பாவை விட்டுருங்க. குழிக்குள்ள போட்டு மூடிருவாங்க.”

அவர் சிரிப்பு நின்றது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

“பயப்படாத பாப்பா. நான் வெறும் கோர்ட்டு பியூன்.”

என் முதுகுக்குப் பின்னால் பலகை கிறீச்சிட்டது. அப்பா வந்து நின்றார். அத்தனை நாள் சவரம் செய்யாத முகம். தாடி நனைந்திருந்தது.

“நான்தான் ஞானப்பிரகாசம். குடுங்கண்ணே.”

பியூன் காகிதத்தைக் கொடுத்தார். ஒளிந்திருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “காத்து அடிக்கப் பம்பு இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இல்லை. தள்ளிக்கொண்டே போனார்.

அப்பா என் முன்னால் குந்தினார்.

“அப்பா செத்துப் போயிருவேன்னு நெனச்சியா?”

தலையாட்டினேன்.

“எப்பலேருந்து?”

“நெத்திலி ஆஞ்ச அன்னைலேருந்து.”

சம்மன் வேறு, சம்மனசு வேறு என்று அப்பா விளக்கிச் சொன்னார். கோர்ட்டுக்குப் போய், வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து, பார்த்ததையும் கேட்டதையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“அதுக்கா ஒளிஞ்சீங்க?”

அப்பா அந்தக் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பாய்க்கு அடியில்

“சம்மனசு வரட்டும் டீச்சர்” என்று மறுநாள் போய்ச் சொன்னேன். “ஆனா வந்ததும் எல்லாரும் ஓடி ஒளிஞ்சுக்கணும்.”

“ஏண்டி?”

“வந்தா பயமா இருக்கும்.”

டீச்சர் நாடகம் எழுதிய தாளை எடுத்துப் புரட்டினார். “ஆமாம்டி. அதனாலதான் வேதத்துலயும் வந்ததும் வராததுமா ‘பயப்படாதேயுங்கள்’னு சொல்லுது. வருசா வருசம் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சோம். கேக்குறவன் பயந்தாத்தானே அதுக்கு அர்த்தம்?”

ஆட்டுக்குட்டியும் இருக்கட்டும், சம்மனசும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பிலோமினா என்னை மன்னித்து ஒரு அச்சு முறுக்கு கொடுத்தாள், பாதி. எனக்கு இடையன் வேஷம். பேச்சு கிடையாது. ஒளிந்துகொண்டால் போதும்.

நாடகத்தன்று கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைப் பந்தல். மல்லிகையும் ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. சாமியார் கொட்டாவி விடவில்லை. நாலாவது ராசா ரிக்சாவை இழுத்துக்கொண்டு வந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சம்மனசு வந்து கதவுப் பலகையைத் தட்டியது. நாங்கள் சிதறி ஓடினோம். ஒருவன் மாட்டுக்குப் பின்னால், ஒருவன் வைக்கோலுக்குள். நான் ஒரு பாயைப் போர்த்திக்கொண்டு கவிழ்ந்தேன்.

“பயப்படாதேயுங்கள்!” என்றாள் பிலோமினா.

எல்லாரும் வெளியே வந்தார்கள். என்னால் வரமுடியவில்லை.

பாயின் ஓரத்தில் ஒரு கிழிசல். அதன் வழியாக ஆண்கள் பக்கம் தெரிந்தது. அப்பா மூன்றாவது பெஞ்சில் இருந்தார். முன் பெஞ்சில் இருக்கவேண்டிய தண்டல் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். கனத்த கை அப்பாவின் தோளில், தழும்பு ஏறிய இடத்தில் கிடந்தது. வாய் அப்பாவின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார். அப்பா தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். காசு விழுந்த சம்மனசு ஆட்டுமே, அப்படி.

நான் பாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதேயுங்கள்!” பிலோமினா இன்னும் உரக்கச் சொன்னாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “வெளிய வாடி சனியனே” என்றாள். அது கடைசி வரிசைவரை கேட்டது. பந்தலே வெடித்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் அப்பா தலை நிமிர்ந்தார். மேடையில் குவிந்து கிடந்த பாயைப் பார்த்தார். அதற்குள் யார் என்று அவருக்குத் தெரியும். ஒளிந்திருப்பவர்களை அவருக்குத் தெரியாதா?

அப்பா தோளிலிருந்து அந்தக் கையை எடுத்தார். உதறவில்லை. பிறத்தியார் சாமானை எடுத்து வைப்பதுபோலப் பெஞ்சின்மேல் எடுத்து வைத்தார். எழுந்தார். அத்தனை பேருக்கு நடுவில் நடந்துபோய், கடைசி வரிசையில், ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த முத்தையாவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

தண்டல் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

நான் பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தண்டல் அதற்குப் பிறகு அப்பாவைத் தொங்கானில் ஏற்றவில்லை. கப்பலேற்றி விடுவார்களோ என்று பயந்து பயந்து கிடந்து, கடைசியில் தீவின் மறுபக்கத்தில், பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்தில் ஒதுங்கினோம். முத்தையா ஒரு தரம் அங்கே வந்து, தின்ன முடிந்த மட்டும் ஜாதிக்காய் ஊறுகாய் தின்றுவிட்டுப் போனார். அதெல்லாம் பிறகு நடந்தது.

கோர்ட்டுக்குப் போன அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குடில் இன்னும் பிரிக்கவில்லை. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. கோர்ட்டு திறக்க வெகு நேரம் இருந்தது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார்.

“பயமா இருக்காப்பா?”

“இருக்கு பாப்பா” என்றார். “அதான் சீக்கிரமா கெளம்பிட்டேன்.”